உப்புக்காற்றின்மேல் போட்ட பழி

தூத்துக்குடியில் எந்த இரும்பு கெட்டாலும் குற்றவாளி ஒருவரே. சைக்கிள் சங்கிலி இறுகினாலும், மொட்டைமாடிக் கொடிக்கம்பி அறுந்தாலும், மின்விசிறி முனகினாலும், விசாரணை என்று ஒன்று நடப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: உப்புக்காற்று. கடலின்மேலும் உப்பளங்களின்மேலும் தவழ்ந்து வந்து ஜன்னல் கம்பிகளை நக்கித் தீர்க்கும் அந்தக் காற்று பல குற்றங்களைச் செய்ததுதான் என்பதை நான் மறுக்கவில்லை. என் வீட்டு வாசல் கேட்டே அதற்குச் சாட்சி. ஆனால், சற்றுமுன்வரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர், எந்த விசையை அழுத்தினாலும் அசையாமல், திரையில் கிடந்த எழுத்தை அப்படியே காட்டிக்கொண்டு, இறந்தும் இறவாமலும் நின்றுவிடுகிறதே, அதையும் அந்தக் காற்றின் கணக்கிலேயே எழுதி, சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு, நோய் தீர்ந்தது என்று கைகழுவும் வழக்கம் ஒன்று நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்தையும், அதற்குத் துணைநிற்கும் நியாயங்களையும்தான் இங்கே மறுக்கப் புகுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சரக்குக் கிடங்கின் எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கிடங்கின் பெயர் இங்கே வேண்டாம். லாரி மேடையேறி நிற்கும், எடை திரையில் வரும், சீட்டு அச்சாகும், லாரி இறங்கும். அந்த யந்திரத்தின் உலகம் அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை அது நின்றுவிடும். உடனே போன் வரும்: “அண்ணாச்சி, மறுபடியும் ஹேங் ஆயிட்டு. வெளிய பதினாலு லாரி நிக்குது.” நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் மேடைக் கணக்கர் சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடியும் போட்டிருப்பார். யந்திரம் எதுவுமே நடவாதது போலச் சீட்டு அடித்துக்கொண்டிருக்கும். “உப்புக்காத்துல எந்த மிஷின் நிக்கும், சொல்லுங்க?” என்று அவரே சமாதானமும் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார். இப்படி நான்கு முறை குடித்த டீக்கு நான் இன்றுவரை கணக்குத் தீர்க்கவில்லை என்ற உறுத்தல்தான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

இந்த அபிப்பிராயம் கணக்கரோடு நின்றிருந்தால் எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. படித்தவர்களும், இத்துறையிலேயே சம்பளம் வாங்குகிறவர்களும் இதையே சற்று மெருகேற்றிச் சொல்லுகிறார்கள். யந்திரம் இப்படி நிற்பது யதேச்சையானது, மறுபடி வரவழைத்துக் காட்ட முடியாததை ஆராய்வது வீண் என்கிறார் ஒருவர். நின்றுபோன யந்திரம் வாய் திறவாது, அதனிடம் என்ன கேட்பது என்கிறார் இன்னொருவர். துறைமுகத்தில் ஒரு மணி நேரம் என்பது பணம். கப்பல் காத்திருக்கும்போது ஆராய்ச்சிக்கு ஏது அவகாசம் என்கிறார் மூன்றாமவர். இவர்களையெல்லாம் விடக் கெட்டிக்காரர், யந்திரம் நின்றால் தானாகவே அணைந்து எழும்படி ஒரு காவற்கடிகாரத்தை வைத்துவிட்டேன், இனி எவரும் எழுந்து சுவிட்சைத் தொடவும் வேண்டாம் என்று பெருமைப்படுகிறார். கடைசிக் கூற்றில் உண்மையும் கொஞ்சம் கலந்திருப்பதால் அதுவே மிகவும் அபாயகரமானது. அதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், யந்திரம் ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்து டிரைவர் வாங்கிக்கொண்டு போகும் டோக்கனைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த டோக்கன் கையில் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த ஸ்டேஷன்வரையுள்ள பாதையில் நுழையலாகாது. டோக்கன் ஒன்றே ஆகையால் பாதையில் வண்டியும் ஒன்றே. கம்ப்யூட்டரின் மற்ற நிரல்களையெல்லாம் ஆண்டுகொண்டு அடியில் கிடக்கும் கெர்னல் என்ற மூல நிரலுக்குள்ளும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. ஒரே பட்டியலை இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் திருத்தப் புகுந்தால் பட்டியல் சிதைந்துபோகும். ஆகவே, திருத்துமுன் அதற்குரிய பூட்டைப் பிடிக்க வேண்டும், திருத்தியபின் விட்டுவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை முதலில் செம்மையாக வகுத்தவர்களில் ஒருவரான நெதர்லாந்துக்காரர் டைக்ஸ்ட்ரா, 1965-இல் எழுதிய கட்டுரையில் அதற்கு இட்ட பெயரே ரயில்வேயின் கைகாட்டி மரத்துக்கு உரிய பெயர்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கிற ஆசிரியர்கள் ‘செமஃபோர்’ என்று வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுக்காமல் ‘கைகாட்டி’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பாடம் அப்பொழுதே முடிந்திருக்கும்.

இன்னும் அருகிலேயே உதாரணம் வேண்டுமென்றால் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 1961-க்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் பெரிய முத்துச் சலாபம் நடக்கவில்லையாதலால் அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. பழைய விவரங்களில் சொல்லியிருப்பது இது: ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் இருந்தால் கற்கள் ஐந்துதான், இருவருக்கு ஒரு கல். குளியாள் கல்லின்மேல் கால் வைத்து இறங்குவான். அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவான். மேலே கயிறு பிடித்திருப்பவன் அந்தக் கணமே கல்லை மேலே இழுத்துக்கொள்வான். குளியாள் ஒரு நிமிஷம்போலச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கல் தோணியில் அடுத்த முறைக்குத் தயாராகத் தொங்கும். பொதுப்பொருளைத் தேவைக்குமேல் ஒரு கணமும் பிடித்துவைத்திருக்கலாகாது என்பதைக் கெர்னல் எழுதுகிறவர்கள் புத்தகம் படித்துக் கற்கிறார்கள். பரதவர் மூச்சை அடக்கிக் கற்றார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டே அடியில் உட்கார்ந்துவிடுகிற குளியாள் ஒருவன் இருந்திருந்தால், அவனுடைய கூட்டாளியின் பிழைப்பு அன்றைக்கு எப்படி நின்றுபோயிருக்குமோ, அப்படித்தான் பூட்டைப் பிடித்தவன் விடாவிட்டால் பின்னால் வருகிறவை அத்தனையும் நின்றுபோகின்றன.

ஒருவன் விட மறந்தான் என்பது எளிய பிழை. அதைவிடச் சூழ்ச்சி மிக்கது, இருவருமே விதிப்படி நடந்து, இருவருமே நின்றுபோவது. என் எடைமேடைக் கதையையே சொல்கிறேன். அந்த யந்திரத்தில் மேடையோடு பேசுவதற்கென்று, மேடை விற்றவர்களே எழுதிக் கொடுத்த ஒரு சிறு நிரல் கெர்னலோடு ஒட்டியிருந்தது. அதில் இரண்டு பூட்டுகள். ஒன்று, யந்திரத்தோடு இணைந்த சாதனங்களின் பட்டியலுக்கு. மற்றொன்று, மேடையின் கேபிள் வந்து சேரும் துறைக்கு. மேடை நலமாயிருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கொருமுறை கேட்கும் வேலை, முதலில் பட்டியல் பூட்டைப் பிடித்து, பிறகு துறைப் பூட்டைக் கேட்கும். கேபிள் ஒரு கணம் விட்டு மறுபடி ஒட்டினால் எழுகிற வேலையோ, முதலில் துறைப் பூட்டைப் பிடித்து, பிறகு பட்டியல் பூட்டைக் கேட்கும். இரண்டு வேலைகளும் வேறு வேறு கணங்களில் நடந்தவரை எந்த விக்கினமும் இல்லை. ஒரே கணத்தில் நேர்ந்தபோது, ஒவ்வொன்றும் தன் கையில் உள்ளதை விடாமல் மற்றதன் கையில் உள்ளதற்காகக் காத்து நின்றது. அப்படிக் காத்துநிற்பதற்குக் காலவரம்பு என்று எவரும் எழுதவில்லை. அதன்பின் சாதனப் பட்டியலை எட்டிப்பார்க்க வந்த நிரல்கள் ஒவ்வொன்றாக அந்த வரிசையின் வாலில் போய் நின்றன. கொஞ்ச நேரத்தில் திரைக் கடிகாரத்தை நகர்த்துகிற நிரலும் போய் நின்றது. வெளியே லாரிகள் நின்றன.

இதில் யதேச்சை எங்கே இருக்கிறது? சந்திப்பு யதேச்சை, பிழை யதேச்சையன்று. இரண்டு பாதைகள் இரண்டு பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்கும்படி எழுதப்பட்ட அன்றே விபத்து நிச்சயிக்கப்பட்டுவிட்டது. நாள் மட்டும்தான் குறிக்கப்படவில்லை. முதல் பூட்டுக்கும் இரண்டாவது பூட்டுக்கும் இடையே ஒரு வேலை நிற்கும் அவகாசம் ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், பகலும் இரவும் ஓயாமல் ஓடுகிற யந்திரத்தில் அந்தச் சின்னஞ்சிறு இடைவெளிகள் இரண்டு என்றாவது ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்று விழாமலா போகும்? “மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானே” என்பதை ஆறுதலாகச் சொல்லுகிறவர்கள், அந்த மூன்று மாதத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்பதைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறார்கள்.

இது ஒன்றும் புதிதாக நான் கண்டுபிடித்த தத்துவமன்று. ஒரு பொருளை ஒருவரே வைத்திருக்கலாம் என்பது, வைத்துக்கொண்டே வேறொன்றுக்குக் காத்திருப்பது, பிடுங்க முடியாமை, காத்திருப்போர் வட்டமாக அமைந்துவிடுவது ஆகிய நான்கும் சேர்ந்தாலன்றி இந்த முட்டுக்கட்டை ஏற்படாது என்று காஃப்மன், எல்பிக், ஷோஷானி என்னும் மூவர் 1971-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். நான்கில் ஒன்றைத் தகர்த்தால் போதும். எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரு வரிசை வகுத்து, எவரும் அந்த வரிசை மாறிக் கேட்கலாகாது என்று விதித்தால் வட்டம் அமையவே வழியில்லை என்பதை ஐ.பி.எம். கம்பெனியின் ஹேவெண்டர் அதற்கும் மூன்று வருஷம் முன்பே சொல்லியிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சில் கிடக்கும் விஷயத்தை ‘விளங்காத மர்மம்’ என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுபடி வரவழைத்துக் காட்ட முடியாது என்ற வாதமும் இருபது வருஷமாகச் செல்லாக்காசு. லினக்ஸ் கெர்னலில், 2006-இல் வெளிவந்த 2.6.18 பதிப்போடு இங்கோ மோல்னார் என்பவர் சேர்த்த ‘லாக்டெப்’ என்னும் கண்காணிப்பு நிரல், யந்திரம் நிற்கும்வரை காத்திருப்பதில்லை. எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பூட்டு கேட்கப்பட்டது என்பதை ஓட ஓடக் குறித்துக்கொண்டே வருகிறது. காலையில் ஒருவன் பட்டியலுக்குப்பின் துறையைக் கேட்டிருந்து, மாலையில் வேறொருவன் துறைக்குப்பின் பட்டியலைக் கேட்டால், இருவரும் சந்திக்கவே இல்லையென்றாலும், அந்த மாலையிலேயே இரண்டு பாதைகளையும் வரி வரியாக எழுதிக் காட்டிவிடுகிறது. நடவாத விபத்துக்கு முன்கூட்டியே சாட்சியம்! அது ஓடாத பாதையைக் காணாது என்பதும், யந்திரத்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் அதைச் சோதனைக்கூடத்தில் ஓட்டச் சொல்லுகிறார்கள். எடைமேடை நிரலை எழுதி விற்றவர்கள் தங்கள் அறையில் ஒரே ஒரு பிற்பகல் அதை ஓட்டி, கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகியிருந்தால், நான் நான்கு டீ குறைவாகக் குடித்திருப்பேன்.

நின்ற யந்திரம் வாய் திறவாது என்கிற இரண்டாவது வாதம்தான் எல்லாவற்றிலும் விபரீதமானது. உண்மை இதற்கு நேர்மாறாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கெர்னல் நினைவகத்தில் கண்ட இடத்தில் எழுதிவிட்டு விழுந்துபோகிற வேறு சில பிழைகளில், குற்றம் செய்தவன் எப்பொழுதோ போய்விட்டிருப்பான். நமக்குக் கிடைப்பது பிணம் மட்டுமே. பூட்டுப் பிழையிலோ குற்றவாளிகள் இருவரும் குற்றம் நடந்த இடத்திலேயே, திருடிய பொருள் கையில் இருக்க, அடுத்தவர் பொருளை நோக்கி நீட்டிய மற்றொரு கையும் அப்படியே இருக்க, சிலைபோல நிற்கிறார்கள். எந்த வரியில் நிற்கிறார்கள், எந்த வழியாக அங்கே வந்தார்கள் என்பது அத்தனையும் நினைவகத்தில் அழியாமல் கிடக்கிறது. இதைவிடச் சுத்தமான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைத்ததில்லை. சுவிட்சை அணைக்கிற கை இந்தச் சாட்சியத்தைத்தான் அணைக்கிறது.

கையால் தொடுவதற்கு முன்பே காது பாதி சொல்லிவிடும். யந்திரத்தின் உள்விசிறி ஓய்ந்து மெதுவாகச் சுற்றினால், வேலைகள் எல்லாம் தூங்கிக்கொண்டு பூட்டுக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள்; ப்ராசஸர் என்னும் மூளைக்கு வேலை இல்லை, சூடும் இல்லை. விசிறி இரைந்து சுழன்றால், எவனோ தூங்காமல் விழித்தபடியே ‘விட்டாயா, விட்டாயா’ என்று இடைவிடாது கேட்டுக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்கிறான். அது ‘ஸ்பின்லாக்’ என்னும் வேறு வகைப் பூட்டின் பிழை. அந்த வகையில் ஒரு விசித்திரமும் உண்டு. பேரேட்டைத் தன் கையிலேயே வைத்து எழுதிக்கொண்டிருக்கும் கணக்கரை டெலிபோன் மணி குறுக்கிட, டெலிபோனில் பேசுகிறவர் ‘அந்தப் பேரேட்டைப் பிடித்திருப்பவர் அதைக் கீழே வைத்தபிறகே போனை வைப்பேன்’ என்று அடம்பிடித்தால் என்ன ஆகும்? வைக்க வேண்டியவர் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவரேதான். குறுக்கீடு நேரும்போது எடுக்கப்படும் பூட்டைச் சாதாரண வேலை பிடிக்குமுன் குறுக்கீட்டை அடைத்துவைக்க வேண்டும் என்ற விதியை ஒரு வரியில் மறந்தவன், இப்படித் தன்னையே தான் எதிர்பார்த்து நிற்கும் யந்திரத்தைப் படைக்கிறான்.

வலையில் இன்னொரு யந்திரத்திலிருந்து ‘பிங்’ அனுப்பிப் பார்த்தால், உள்ளே நுழைய முடியாத யந்திரம் அதற்குமட்டும் அழகாகப் பதில் சொல்லுவது பலரை மயக்குகிறது. மயங்க ஒன்றும் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல எந்த நிரலும் எழுந்திருக்கத் தேவையில்லை, கெர்னல் குறுக்கீட்டிலிருந்தே சொல்லிவிடுகிறது. அதே காரணத்தால், விசைப்பலகையின் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையை ‘ஆல்ட்’ விசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு ‘டபிள்யூ’ எழுத்தைத் தட்டினால், முடங்கிக் கிடக்கும் வேலைகளின் பட்டியலையும் அவை நிற்கும் இடத்தையும் கெர்னல் ஒப்பிக்கிறது. ‘எல்’ தட்டினால் ஒவ்வொரு மூளையும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்கிறது. நாம் எதுவும் தட்டாவிட்டாலும்கூட, பெரும்பாலான லினக்ஸ் யந்திரங்களில் ஒரு வேலை 120 வினாடி முடங்கினால் கெர்னல் தானாகவே ஒரு எச்சரிக்கையைக் குறிப்பேட்டில் எழுதுகிறது. பத்து முறை எழுதியபின், கேட்பாரில்லை என்று கண்டு, மௌனமாகிவிடுகிறது. வாய் திறவாத யந்திரமாம்!

இப்படிக் கிடைக்கும் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும் என்பதும், அதைக் கண்டு பலர் மலைத்துவிடுகிறார்கள் என்பதும் வாஸ்தவம். இங்கேதான் சலாபத்தின் இரண்டாவது பாடம் உதவுகிறது. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, மணலோடு கிடைத்ததைச் சலிப்பார்கள். எடுத்த எடுப்பில் முத்தைத் தேடுவதில்லை. முத்தல்லாததைக் கழிப்பதே தொழில். முடங்கிய வேலைகளின் பட்டியலிலும், ஒரே இடத்தில் ஒரேமாதிரி நிற்பவை எல்லாம் வாலில் நிற்கும் அப்பாவிகள். அவற்றைத் தள்ளிவிட வேண்டும். தள்ளியபின் எஞ்சுகிற சிலவற்றில், தானும் காத்துக்கொண்டு பிறரையும் காக்க வைப்பவன் யார் என்று பார்க்க வேண்டும். லினக்ஸின் ‘மியூட்டெக்ஸ்’ வகைப் பூட்டைத் திறந்து பார்த்தால் அதைப் பிடித்திருப்பவனின் முகவரி அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அந்த முகவரிக்குப் போய், அவன் எந்தப் பூட்டுக்குக் காத்திருக்கிறான் என்று பார்த்து, அந்தப் பூட்டைத் திறந்து, இப்படி நடந்துபோனால் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேருவோம். வட்டம் மூடிவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது.

ஐந்தாவது முறை போன் வருவதற்குள் நான் மூன்று ஏற்பாடுகள் செய்துவைத்திருந்தேன். மேலே சொன்ன ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசைக் கூட்டைப் பல லினக்ஸ் வெளியீடுகள் முன்னெச்சரிக்கையாக அடைத்தே தருகின்றன, அதைத் திறந்துவைத்தேன். நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைக் குடியமர்த்தினேன். முதல் கெர்னல் வீழ்ந்தால் இது எழுந்து, முன்னவனின் நினைவகத்தை முழுவதும் நகலெடுத்து வட்டில் வைத்துவிட்டுப் பிறகு யந்திரத்தை எழுப்பும். ‘கேடம்ப்’ என்னும் இந்த ஏற்பாடு 2005-இல் லினக்ஸில் சேர்ந்தது. அதை உருவாக்கியவர்களில் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் பெங்களூரில் ஐ.பி.எம். கூடத்தில் இருந்து வேலை செய்தவர்கள் என்பதை, இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்று ஒதுங்குகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். மூன்றாவது ஏற்பாடு எல்லாவற்றிலும் கடினமானது: யந்திரம் நின்றால் சுவிட்சைத் தொடாமல் பத்து நிமிஷம் பொறுக்கக் கணக்கரைச் சம்மதிக்க வைத்தது. “பத்து நிமிஷம்னா எவ்வளவு லாரி தெரியுமா, அண்ணாச்சி?” என்றார். பக்கத்து மேடைக்கு அனுப்பிக் கையால் சீட்டு எழுதச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவது முறை யந்திரம் நின்ற அன்றைக்கு, விசைக் கூட்டாலேயே முதல் கெர்னலை வீழ்த்தி நகலெடுக்க ஆன நேரம் ஏழு நிமிஷம். அவகாசம் இல்லை என்கிற மூன்றாவது வாதத்துக்கு இந்த ஏழு நிமிஷமே என் பதில். முந்தைய நான்கு முறையும் நான் அங்கே போய்வந்த நேரம், லாரிகள் நின்ற நேரம், அரைகுறையாய் அச்சான சீட்டுகளைத் திருத்திய நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு முழு வேலைநாள் தேறும். நகலை இரவில் வீட்டில் வைத்துப் பிரித்தேன். முடங்கியிருந்த வேலைகள் 63. சலித்துத் தள்ளியவை 61. மிஞ்சிய இரண்டும் மேலே நான் வர்ணித்த அந்த இரண்டுதான். ஒன்றின் கையில் பட்டியல், மற்றதன் கையில் துறை. இதைக் கண்டபோது இரவு மணி ஒன்றரை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நம்பிக்கையில்லாமல் இன்னொருமுறை பார்த்தேன்.

கேபிள் ஏன் விட்டு விட்டு ஒட்டியது என்று மறுநாள் போய்ப் பார்த்தபோது, முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. “பாத்தீங்களா!” என்று கணக்கர் வெற்றிக் களிப்போடு கூவினார். “நான் அன்னைக்கே சொன்னேம்லா, உப்புக்காத்துன்னு.” அவர் முற்றிலும் பொய் சொல்லவில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்திகள் மூன்றாகப் பிரித்துச் சொல்லுவார்களே, அந்தக் கணக்கில் உப்புக்காற்றுக்கு இங்கே துணைக்காரணம் என்ற இடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். களிம்பு சந்தர்ப்பத்தை உண்டாக்கியது. எதிரெதிர் வரிசை இல்லாதிருந்தால் கேபிள் ஆயிரம் முறை விட்டு ஒட்டினாலும் யந்திரம் நின்றிராது. அசலாகவே உப்பு அரித்துச் சாகிற யந்திரத்தின் லட்சணமும் வேறு. அது இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் விழும். அதன் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒத்துப்போகாது. பூட்டுப் பிழையோ எத்தனை முறை வந்தாலும் அதே இரண்டு பாதைகள், அதே இரண்டு வரிகள். ஒருமுறையாவது எழுதி வைத்தவனுக்கே இந்த வித்தியாசம் தெரியும்.

காவற்கடிகாரம் வைத்துவிட்டேன் என்ற கெட்டிக்காரரை இப்பொழுது பார்ப்போம். 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்திலும் அப்படி ஒரு கடிகாரம் இருந்தது. இறங்கிய சில நாட்களுக்குள் கலம் தன்னைத்தானே அணைத்து எழுப்பத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. இதை முட்டுக்கட்டை என்று சொல்லக்கூடாது. ஆனால் பூட்டுப் பிழைதான். வானிலை அளக்கும் தாழ்ந்த வேலை ஒன்று பிடித்திருந்த பூட்டுக்கு மிக உயர்ந்த வேலை ஒன்று காத்திருக்க, நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்தன. குறித்த நேரத்தில் வேலை முடியாததைக் கண்டு கடிகாரம் கலத்தையே அணைத்தது. காவற்கடிகாரம் கலத்தைக் காப்பாற்றியது, சந்தேகமில்லை. நோயைக் கண்டுபிடித்தது வேறு: கலத்தில் விட்டுவைத்திருந்த தடப்பதிவு வசதியும், பூமியில் இருந்த அதன் நகலில் அதே நிலைமையை வரவழைக்கப் பொறியாளர்கள் காட்டிய விடாமுயற்சியும். உயர்ந்த வேலை காத்திருக்கும்வரை பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த வேலைக்கும் அந்த உயர்வை இரவல் கொடுக்கும் முறை அந்த அமைப்பிலேயே இருந்தும் இயக்கப்படாமல் கிடந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள். அந்த முறையை 1990-இல் கணித ரீதியாக நிறுவிய மூவரில் ஒருவர், ஷாவோடும் லெஹோஸ்கியோடும் சேர்ந்து எழுதிய ரகுநாதன் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைப்பது வேறொரு விவரம்: கலம் புறப்படுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே அந்த மறு எழுச்சி தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியவில்லை, வேறு அவசர வேலைகள் இருந்தன, விட்டுவிட்டார்கள்.

பூட்டுகள் பலவாக இருப்பதால்தானே இத்தனை தொல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. லினக்ஸ் 1996-இல் அப்படித்தான் ஒரு பெரும் பூட்டோடு பல மூளை யந்திரங்களில் காலடி வைத்தது. ஒருவன் ஓட மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அதைத் துண்டு துண்டாகக் கழற்றி முற்றிலும் ஒழிக்க 2011 வரை ஆயிற்று. இந்த யோசனையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சுவிட்சை என்றுமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் மூச்சுக் கருவியை நடத்தும் யந்திரம் நின்றால் முதலில் எழுப்புங்கள். துறைமுக வாயிலில் கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போது பைலட்டின் திரை நின்றால் அப்பொழுதும் முதலில் எழுப்புங்கள். அங்கே காவற்கடிகாரம் கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கேயும், அணைவதற்குமுன் நினைவகத்தை நகலெடுத்துக்கொள்ள முடிகிறதா என்று யோசிக்க வேண்டிய கடமை இன்னும் அதிகம். அந்த இடங்களில் இரண்டாவது முறை என்பதை எவரும் அனுமதிக்கலாகாது. அன்றாடம் சீட்டு அடிக்கிற, கணக்கு எழுதுகிற, உப்பு மூட்டை எண்ணுகிற யந்திரங்களுக்கு உயிர்போகிற அவசரத்தைக் காரணம் காட்டுவது வெறும் சோம்பலுக்குப் போர்த்திய பட்டு.

எடைமேடை விற்றவர்களுக்கு அந்த இரண்டு பாதைகளையும் எழுதி அனுப்பினேன். முதலில், தங்கள் நிரலில் பிழையே இருக்க முடியாது, உங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம் என்று பதில் வந்தது! நகலையே அனுப்பியபின் பத்து நாளில் திருத்திய நிரல் வந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றியிருந்தார்கள். கேபிள் முனை அதன்பிறகும் இருமுறை களிம்பேறி, இருமுறை மாற்றப்பட்டது. யந்திரம் நிற்கவில்லை.

இந்த ஊரில் யந்திரம் வாங்குகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் தூசி தட்டுவதற்கும் விசிறி மாற்றுவதற்கும் வரி இருக்கிறதல்லவா, அதன் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள்: யந்திரம் நின்றால், நினைவகத்தின் நகல் எடுத்து எங்கள் கையில் கொடுத்த பிறகே அது மறுபடி எழுப்பப்பட வேண்டும்.